அரிவாளில் ஏறிய செம்பு

அக்டோபர் 22, புதன்

மூன்றாவது நாளாக மழை. காலையில் மழைமானியில் முப்பத்தொரு மில்லிமீட்டர். இந்தக் குறிப்பேடு அதற்காகத்தான்: மழை அளவு, இலை காய எடுத்த நேரம், அடித்த மருந்து. பயிர்மருந்துக் கம்பெனியில் பத்தொன்பது வருடம் எழுதிய பழக்கம். கம்பெனி என்னை விட்டுவிட்டது, பழக்கம் விடவில்லை.

கவாத்து வெட்டி இன்றோடு இருபது நாள். பன்னீர்த் திராட்சைக் கொடி பந்தல் முழுக்கத் தளிர்விட்டு, கொத்து இப்போதுதான் எட்டிப் பார்க்கிறது. இந்தப் பருவத்தில் இலை இரண்டு நாள் ஈரமாகவே இருந்தால் போதும், செவட்டை வந்து உட்கார்ந்துவிடும். இலைமேல் எண்ணெய் சொட்டியது போல மஞ்சள் பொட்டு. நாலைந்து நாளில் இலையின் அடியில் வெள்ளைப் பூஞ்சணம். அப்புறம் கொத்து கருகி உதிரும். அந்தப் பூஞ்சணத்தை நான் முதுகலையில் இரண்டு வருடம் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தவன். இந்த ஊரில் வேறு யாரும் பார்த்ததில்லை. யாரும் என்னிடம் எதையும் கேட்பதும் இல்லை.

வாய்க்கால் கரையில் அண்ணன் எதிரே வந்தார். ஒருவர் போகும் பாதை. மடக்கிய குடையைத் தரையில் தட்டித் தட்டி ஜமீன்தார் நடை. என் முகத்தை நேராகப் பார்த்தார், கண்ணில் ஒரு சலனம் இல்லை. நான்தான் சேற்றில் இறங்கி வழிவிட்டேன். ஆறு வருடமாகப் பேச்சு இல்லை என்றாலும், மனிதனைப் பார்த்தால் முகமாவது சுளிக்கலாம்.

அக்டோபர் 23, வியாழன்

மழை பதினாறு. விசைத்தெளிப்பானின் மூக்கு அடைத்திருந்தது, ஊசியால் குத்திச் சரிசெய்தேன். வீட்டுக்காரி செசிலிக்கு மூட்டுவலித் தைலம் வாங்க வேண்டும்.

அக்டோபர் 25, சனி

காலை ஏழு மணிக்கு என் ஒன்றேகால் ஏக்கரையும் வரிசை வரிசையாகப் பார்த்து முடித்தேன். ஒரு பொட்டு இல்லை.

வேலி ஓரத்தில் நின்று டீ குடித்தபோது அண்ணன் தோட்டத்தில் கண் போயிற்று. கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் மூன்றாவது வரிசை. மஞ்சள் பொட்டு. வெயில் பின்னாலிருந்து அடித்ததால் எண்ணெய்க் காகிதம் போலப் பளிச்சென்று தெரிந்தது. நின்ற இடத்திலிருந்தே பதினொன்று எண்ணினேன். சந்தேகமே இல்லை, செவட்டை.

அண்ணனும் அங்கேதான் நின்றார். அந்த இலைகளுக்கு நேர் கீழே. ஒரு கொத்தைக் கையால் தடவிக்கொண்டு, மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டு. அறுபத்தோரு வயதில் நாற்பது வருடம் பந்தலுக்குக் கீழேயே கிடந்த மனிதருக்கு அது தெரியாமல் போகாது. தெரிந்தும் பேசாமல் இருக்கிறார் என்றால் அவருக்கு ஏதோ கணக்கு இருக்கும். டீ ஆறிவிட்டது.

அக்டோபர் 26, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. சுருளியை வரச்சொல்லி என் தோட்டம் முழுவதும் மருந்து அடித்தேன். சுருளி எங்கள் இரண்டு தோட்டத்துக்கும் மருந்தடிக்கிறவன். அண்ணனுக்கு அவன் வாயில் ‘மிக்கேலண்ணே’. எனக்கு ‘சார்’. மரியாதை என்று நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை அப்படி என்ன அவசரம் என்று கேட்டான். மழைக் காலம், முன்னெச்சரிக்கை என்றேன். “அப்ப அண்ணனுக்கும் ஒரு வார்த்த சொல்லிரவா சார்?” என்றான்.

“அவரு ஒங்கிட்ட கேட்டாரா?”

“கேக்கல.”

“அப்பறம் என்ன.”

அவன் தொட்டியில் மருந்தைக் கரைத்தான். காற்று மேற்கிலிருந்து. கந்தக வாடை வேலியைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. நான் யாருக்கும் எதையும் மறைக்கவில்லை. பட்டப்பகலில், இயந்திரச் சத்தம் ஊரே கேட்க, மருந்து அடித்திருக்கிறேன். கண்ணிருப்பவன் பார்த்துக்கொள்ளட்டும்.

செசிலி பூசையிலிருந்து வந்து என் கைகளைப் பார்த்தாள். சோறு போடும்போது, சாமியார் இன்று சகோதரரைப் பற்றித்தான் பிரசங்கம் வைத்தார் என்றாள். எந்த ஞாயிறுதான் வைக்கவில்லை.

அக்டோபர் 28, செவ்வாய்

மழை ஒன்பது. அண்ணன் தோட்டத்தில் நான்காவது, ஐந்தாவது வரிசைக்கும் பொட்டு வந்துவிட்டது. இன்னும் அவர் மருந்து அடிக்கவில்லை.

யாராவது இந்தக் குறிப்பேட்டைப் படித்தால் என்னைத் தப்பாக நினைக்கக்கூடும் என்பதால் நடந்ததை எழுதி வைக்கிறேன். ஆறு வருடத்துக்கு முன் அண்ணன் தோட்டத்தில் செவட்டை வந்தது. அவர் காலம் காலமாக அடிக்கிற மயில்துத்தக் கலவையை விட்டுவிட்டு என் கம்பெனியின் மருந்தை அடிக்கச் சொன்னேன். நம்பி அடித்தார். நிற்கவில்லை. கொத்து முழுக்கப் போயிற்று. மறுவாரம் கூட்டுறவுச் சங்கக் கூட்டத்தில், நாற்பது பேர் முன்னால், என் மேலதிகாரி பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அண்ணன் எழுந்து, “படிச்சவன் பேச்சக் கேட்டேன், பந்தக்கால் மட்டும்தான் மிச்சம்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மேலதிகாரியும் சிரித்தார். அடுத்த வருடம் ஆட்குறைப்புப் பட்டியலில் முதல் பெயர் என்னுடையது.

தம்பியைத் தனியாகக் கூப்பிட்டு நாலு அறை அறைந்திருக்கலாம். வாங்கியிருப்பேன்.

அக்டோபர் 30, வியாழன்

செசிலி அண்ணியைப் பார்த்துவிட்டு வந்தாள். பெண்களுக்குள் பேச்சு நின்றதே இல்லை. திருப்பூரில் இருக்கும் அவர்கள் மகன், பந்தலைப் பிரித்துவிட்டு நிலத்தைக் குத்தகைக்கு விடச் சொல்லி நச்சரிக்கிறானாம். இந்த ஒரு வெள்ளாமை மட்டும் பார்க்கிறேன், இதுவும் போனால் உன் இஷ்டம், கொடியை வெட்டிக்கொள் என்று அண்ணன் வாக்குக் கொடுத்துவிட்டாராம்.

அந்தக் கொடி அப்பா நட்டது. நான் பிறந்த வருடம். அடிக்கட்டை என் தொடை அளவு இருக்கும்.

“நீங்க தெனமும் வேலிகிட்டதான நிக்கிறீங்க. பெரிய மச்சான் தோட்டம் எப்படி இருக்கு?” என்று கேட்டாள்.

என் தோட்டத்தைப் பார்க்கவே எனக்கு நேரம் போதவில்லை என்றேன். இன்று காலை ஏழாவது வரிசை வரை வந்திருக்கிறது.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். மாலை நாலு மணிக்குக் கல்லறைத் தோட்டம் போனோம். அப்பா கல்லறைக்கு நான் முதலிலேயே போய் சுத்தம்செய்து மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, அண்ணன் வருவதைப் பார்த்ததும் பத்தடி தள்ளி நின்றுகொண்டேன். வருடா வருடம் இதுதான் வழக்கம்.

அண்ணி யாருடனோ பேசிக்கொண்டு பின்தங்கிவிட்டார்கள். அண்ணன் தனியாக வந்தார். பெரிய செவ்வந்தி மாலை. வந்தவர் நேரே போய் அதைப் பக்கத்துக் கல்லறையில், கொத்தனார் சவரியப்பன் கல்லறையில், சாத்தினார். சாத்தி, சிலுவைக் குறி போட்டு, கண்ணை மூடி நின்றார். நான் ஏற்றிய மெழுகுவத்தி எரிகிற கல்லறையைத் தொட அவருக்கு மனமில்லை. என்மேல் இருக்கிற கோபத்தை அப்பாமேல் காட்டுகிற மனிதர்.

அண்ணி ஓடிவந்து மாலையை எடுத்து அப்பாவுக்குப் போட்டார்கள். அவர் காதில் ஏதோ சொன்னார்கள். அவர் முகம் சிவந்துவிட்டது. சிவக்கட்டும்.

வீடு வரும் வரை செசிலி என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

நவம்பர் 3, திங்கள்

இலையின் அடியில் வெண்பூஞ்சணத்தைக் கடைசியில் அண்ணிதான் கண்டுபிடித்தார்களாம். சுருளி சொன்னான். புதன்கிழமை மயில்துத்தம் அடிக்கப்போகிறார்கள்.

கல்லூரியில் எங்கள் பேராசிரியர் அந்தக் கலவையின் கதையைச் சொல்லிச் சிரிப்பார். பிரான்சில் ஒரு ஊரில், வழிப்போக்கர்கள் பழத்தைப் பறிக்காமல் இருக்க, சாலையோரக் கொடிகளில் மட்டும் துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து நீலமாகத் தெளித்து வைத்தார்களாம். அந்த வருடம் நோயில் மற்றக் கொடியெல்லாம் இலை உதிர்ந்து நிற்க, சாலையோரக் கொடி மட்டும் பச்சையாக நின்றது. நூற்று நாற்பது வருடப் பழைய சரக்கு. கம்பெனியில் இருந்தபோது, தாத்தா காலத்து மருந்து என்று கூட்டத்துக்குக் கூட்டம் கேலி செய்திருக்கிறேன்.

ஆனால் ஒன்று. எத்தனையோ மருந்துக்குப் பழகிப்போன பூஞ்சணம், செம்புக்கு இன்று வரை பழகவில்லை.

துத்தம் வந்த நோயைத் தீர்க்காது, வராத இலையைத்தான் காக்கும். ஏழு வரிசை போனது போனதுதான். மிச்சம் இருபத்திரண்டு வரிசை.

நவம்பர் 4, செவ்வாய்

சாயங்காலம் சுருளி இங்கே விட்டுவைத்திருந்த தன் தெளிப்பானை எடுக்க வந்தான். நாளைக்காக இப்போதே சுண்ணாம்பு நீற்றி வைத்துவிட்டு வந்தார்களாம். “மூட்ட ரெண்டு மாசமா தாழ்வாரத்துல சாரல்ல நனஞ்சு கெடந்துச்சு சார். தண்ணி ஊத்துனா கொதிக்கவே இல்ல, சும்மா களி மாதிரி கெடக்கு” என்றான்.

செத்த சுண்ணாம்பு. அதைப் போட்டால் துத்தத்தின் கடுமை அடங்காது. அடங்காத துத்தம் இளந்தளிர் மேல் பட்டால் மூன்றாம் நாள் நெருப்பு வைத்தது போல் இருக்கும். நோய் விட்டு வைத்ததை மருந்து தின்றுவிடும்.

ஆனால் அதற்குத்தான் அரிவாள் இருக்கிறது. கலவையைத் தொட்டிக்குள் ஊற்றுமுன் தீட்டிய அரிவாளை அதில் ஒரு நிமிடம் முக்கி எடுக்க வேண்டும். கடுமை மிச்சமிருந்தால் இரும்பின் மேல் செம்பு ஏறிச் சிவப்பாகக் காட்டிக்கொடுத்துவிடும். இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். இரும்பு நிறம் மாறாமல் வெள்ளையாக வந்தால் அடிக்கலாம். எங்கள் வீட்டில் அப்பா காலத்திலிருந்து ஒரு வழக்கம், கொடிக்குச் சொந்தக்காரன்தான் அரிவாளை முக்கிப் பார்க்க வேண்டும். கூலிக்காரன் பார்க்கக் கூடாது, பார்த்தாலும் சொல்லக் கூடாது. தப்பு நடந்தால் பழி அவன்மேல் விழக்கூடாது என்று அப்பா ஏற்படுத்தியது.

“நீ அரிவாளப் பாக்கலாமே” என்றேன்.

“ஐயோ, அது என் வேல இல்ல சார். அண்ணன் பாத்துக்கிருவாரு. இப்பல்லாம் மூக்குக்கிட்ட வச்சு வச்சுப் பாக்குறாரு. கட்டவெரல வச்சுத் தடவித் தடவிப் பாக்குறாரு.”

அவன் போன பிறகு இந்தக் குறிப்பேட்டை முதலிலிருந்து படித்தேன். குடை. மூன்றாவது வரிசை. மாலை.

இன்று வேறு எழுத ஓடவில்லை. ஒன்றைத் தவிர. ஆறு வருடத்துக்கு முன் அந்த மருந்தை அண்ணனுக்குக் கொடுத்தபோது, பூஞ்சணம் அதற்குப் பழகிவருகிறது, கொடியில் நம்பி அடிக்க வேண்டாம் என்று தலைமை அலுவலகத்திலிருந்து வந்த சுற்றறிக்கை என் பைக்குள் இருந்தது. அந்த மாத விற்பனை இலக்கு பாக்கி இருந்தது. இதை செசிலியிடம்கூடச் சொன்னதில்லை.

நவம்பர் 5, புதன்

மழை இல்லை. தெளிந்த வெயில்.

காலை ஆறரைக்கே வேலி ஓரம் போய்விட்டேன். வேலை எதுவும் இல்லை. கம்பியை இறுக்குவது போல் நின்றுகொண்டிருந்தேன். அந்தப் பக்கம் பன்னிரண்டு அடி தூரத்தில் இரண்டு பிளாஸ்டிக் பீப்பாய். ஒன்றில் துத்தக் கரைசல், மயில் கழுத்து நிறம். மற்றதில் சுண்ணாம்பு. சுருளி துத்தத்தை மெல்ல மெல்லச் சுண்ணாம்பில் ஊற்ற, அண்ணன் மரத்துடுப்பால் கலக்கினார். சரியான கலவை வானத்து நீலத்தில் கெட்டியாக வர வேண்டும். வந்தது பச்சை கலந்த, நீர்த்த நீலம்.

அண்ணன் அரிவாளை முக்கினார். உதடு அசைய அறுபது எண்ணினார். எடுத்தார்.

அரிவாளின் வயிறு முழுக்கச் சிவப்பு. புதுச் செம்புக் குடத்தில் வெயில் பட்டது போல, நான் நின்ற இடத்திலிருந்தே கண் கூசியது. அண்ணன் அதை முகத்துக்கு நாலு விரற்கடை தூரத்தில் வைத்துத் திருப்பினார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். கட்டைவிரலால் தடவினார்.

“வெள்ளதான். ஊத்துடா” என்றார்.

சுருளி அரிவாளைப் பார்த்தான். பிறகு வானத்தைப் பார்த்தான். குனிந்து வாளியை எடுத்தான்.

நான் பேசாமல் நின்றிருந்தால் யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லியிருக்க முடியாது. அவர் தோட்டம், அவர் கலவை, அவர் அரிவாள். இரண்டு வாளி தொட்டிக்குள் போகும் வரை நான் அப்படித்தான் நின்றேன் என்பதை இங்கே எழுதிவிடுகிறேன்.

மூன்றாவது வாளிக்கு சுருளி குனியும்போது வேலியைத் தாண்டினேன். சட்டை கம்பியில் கிழிந்தது. சுருளி வாளியைக் கீழே வைத்துவிட்டான். அண்ணன் காலடிச் சத்தம் வந்த பக்கம் திரும்பி, “யாரு, மோட்டாரு ரிப்பேருக்காரனா?” என்றார். அவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு கை தூரம்தான். என்னைப் பார்த்துத்தான் கேட்டார். அவர் கண்மணிகளில் பால் ஆடை போல வெள்ளை படர்ந்திருந்தது. ஆறு வருடத்தில் அந்த முகத்தை இவ்வளவு பக்கத்தில் நான் பார்க்கவில்லை.

பதில் சொல்லாமல் அரிவாளை அவர் கையிலிருந்து வாங்கினேன். மண்ணில் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினேன். கலவையில் முக்கி அறுபது எண்ணி எடுத்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். தேய்த்த இரும்பிலாவது சிவப்பு அவருக்குத் தெரியட்டும், நான் பேச வேண்டியதில்லை என்று நினைத்தேன்.

“சுத்தமா வெள்ளையாத்தான இருக்கு” என்றார். குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது.

சுருளி இன்னும் வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

“செவந்திருக்குண்ணே” என்றேன்.

அவர் கை பீப்பாயின் விளிம்பைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

“பங்கியா?” என்றார்.

பங்கிராஸ் என்ற என் பெயரை அப்படிக் கூப்பிட வேறு ஆள் இப்போது உயிரோடு இல்லை. சுண்ணாம்பு செத்துப்போயிற்று, என் கொட்டகையில் கல் சுண்ணாம்பு இருக்கிறது, சுருளி போய் எடுத்துவரட்டும் என்று என்னவோ சொன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். என் சுண்ணாம்பு தண்ணீர் பட்டதும் பொங்கிக் கொதித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு அண்ணன் முகம் லேசாக மாறியது. தொட்டிக்குப் போன இரண்டு வாளியையும் திரும்பப் பீப்பாயில் ஊற்றினோம். சுண்ணாம்புப் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து மூன்று தடவை அரிவாள் பார்த்தேன். முதல் தடவை சிவப்பு. இரண்டாம் தடவை விளிம்பில் மட்டும். மூன்றாம் தடவை ஒன்றும் இல்லை.

“வெள்ளையா?” என்றார்.

“வெள்ள.”

“அப்பா மேல சொல்லு.”

“வெள்ளதான்ணே.”

பன்னிரண்டு மணிக்குள் இருபத்திரண்டு வரிசையும் முடிந்தது. நோய் வந்த ஏழு வரிசையிலும் இலையையும் கொத்தையும் கிள்ளி எரித்தோம். இலையை நான் பார்த்துச் சொல்ல, அவர் கிள்ளினார். விரல் மட்டும் இன்னும் பார்வையோடு இருக்கிறது.

கிள்ளிக்கொண்டிருக்கும்போது திரும்பாமலே கேட்டார். “நீ தெனம் வேலிகிட்ட நிப்பேன்னு சுருளி சொல்லுவான். இந்தப் பொட்டு எப்ப வந்துச்சு, ஒன் கண்ணுல பட்டுச்சா?”

“இல்லண்ணே” என்றேன்.

நவம்பர் 6, வியாழன்

மழை இல்லை. அண்ணனுக்குக் கண் தெரியவில்லை என்று செசிலியிடம் சொன்னேன். மதுரையில் கண் ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிப்போவது என்று கேட்டாள். நான்தான், வேறு யார் என்றேன்.

நவம்பர் 8, சனி

மூன்றாம் நாளில் கருக வேண்டியது இன்று தெரிந்துவிடும் என்று விடிந்ததும் போய்ப் பார்த்தேன். தளிர் எதுவும் கருகவில்லை. இருபத்திரண்டு வரிசையும் நீலப்பொடி பூசிக்கொண்டு நிற்கிறது. எட்டாவது வரிசையில் இரண்டு இலையில் பொட்டு, கிள்ளிவிட்டேன். மற்றது சுத்தம். தை மாதம் பழம் வெட்டும் வரை எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் கொடி இருக்கும்.

நவம்பர் 12, புதன்

மதுரை போய் வந்தோம். இரண்டு கண்ணிலும் புரை. எவ்வளவு நாளாகத் தெரியவில்லை என்று டாக்டர் கேட்டதற்கு, இரண்டு வருடம் என்றார். வீட்டில் சொன்னால் மகன் அன்றைக்கே பந்தலைப் பிரித்துவிடுவான் என்றுதான் சொல்லவில்லையாம். கடந்த ஒரு வருடமாக அண்ணிக்கு மட்டும் தெரியும். அடுத்த வாரம் ஒரு கண்ணுக்கு அறுவை சிகிச்சை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சன்னல் ஓரம் அவர், பக்கத்தில் நான். ஆண்டிபட்டி கணவாய் தாண்டியதும் சொல்லிவிட்டேன்.

“பொட்ட நான் இருவத்தஞ்சாந் தேதியே பாத்தேன்ணே. பதினொன்னு இருந்துச்சு.”

சுற்றறிக்கையைப் பற்றியும் சொல்லியிருக்க வேண்டும். அது வரவில்லை.

அவர் சன்னலுக்கு வெளியே முகத்தை வைத்திருந்தார். பார்க்க அங்கே அவருக்கு என்ன இருக்கிறது. “தெரியும்டா” என்றார்.

“மறுநா ஞாயித்துக்கெழம. பூசைக்குக்கூடப் போகாம நீ மருந்தடிச்ச. வாட எங்க வீட்டு அடுப்படி வரைக்கும் வந்துச்சு. நீ சும்மா அடிக்கிற ஆளு இல்ல. என்னமோ பாத்துட்டான், வந்து சொல்லுவான்னு இருந்தேன்.”

“சுருளிகிட்டக் கேட்டிருக்கலாம்ல?”

“கேட்டிருக்கலாம்.” கைக்குட்டையை எடுத்து, மருந்து ஊற்றிய கண்களை ஒற்றிக்கொண்டார். “நீ வருவேன்னு பத்து நாளு பாத்தேன்.”

தேனி வந்ததும் இறங்கி இருவருக்கும் டீ வாங்கினேன். டம்ளரை அவர் கையில் வைத்து விரல்களை மூடிவிட்டேன். சர்க்கரை கம்மி என்று குறை சொன்னார்.

மேற்கே மலைமேல் மேகம் திரண்டிருக்கிறது. இரவு மழை பெய்யும். காலையில் அவர் தோட்டத்து இலையை முதலில் திருப்பிப் பார்த்துவிட்டு, அப்புறம் என்னுடையதைப் பார்க்க வேண்டும்.